பெற்றோருக்கு ஒரு கடிதம்: மனநல வகுப்பில் சேரும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இது கட்டணம் பற்றிய கடிதமும் இல்லை, தேர்வு அட்டவணையும் இல்லை. பதற்றப்படாமல் படிக்கலாம்.

கடந்த சில மாதங்களாக என் அறைக்கு வரும் பெற்றோரில் பலர் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. "வாயே திறக்க மாட்டேங்கிறான் சார்." "எப்பப் பார்த்தாலும் கதவைச் சாத்திக்கிறா." "தினமும் காலையில வயிறு வலிக்குதுங்கிறான், ஸ்கூல் நேரம் தாண்டினா சரியாயிடுது." சொல்லி முடித்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாங்க என்ன சார் பண்ணணும்?"

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 7 பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார். 35 பேர் உட்காரும் வகுப்பறையில் அது 5 நாற்காலி. அந்த ஐந்து பேர் யார் யார் என்று ஆசிரியருக்குத் தெரியும் முன்பே வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கும். என்ன செய்வது என்றுதான் தெரிந்திருக்காது. அதைக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்புகள் நிறைய இருக்கின்றன, பல இலவசம். உங்களை அனுப்பும் முன் நானே சிலவற்றில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஏமாந்த கதை. இன்று நள்ளிரவோடு சலுகை முடிகிறது என்று கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த விளம்பரம் ஒன்றைப் பார்த்துப் பணம் கட்டினேன். ஒருவர் திரையில் இருந்த வரிகளை அப்படியே வாசித்தார், அவ்வளவுதான். கடைசியில் தங்க நிற ஓரம் வைத்த சான்றிதழ் வந்தது. அதில் பெயரை நானே டைப் செய்ய வேண்டும், பூனையின் பெயரைப் போட்டிருந்தாலும் தந்திருப்பார்கள். மறுநாள் அதே கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பணம் கட்டும் முன் பாடம் நடத்துபவர் யார், என்ன படித்தவர், பின்னால் எந்தப் பல்கலைக்கழகமோ மருத்துவ அமைப்போ இருக்கிறது என்று பாருங்கள். அது எழுதப்படாத இடத்தில் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

நல்லவற்றுக்கு வருகிறேன். கோர்ஸேரா என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் கேஸ்டின் நடத்தும் குழந்தை வளர்ப்புப் பாடம் இருக்கிறது. அங்கே சில பாடங்களைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம், சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஃபியூச்சர்லேர்ன் என்ற இன்னொரு தளத்தில் இலவசமாகச் சேர்ந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிவிடுவார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்லேர்னில் அந்தத் தொல்லை இல்லை, முழுக்க இலவசம். அமெரிக்காவின் நாமி என்ற மனநல அமைப்பு, மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே 6 பகுதிகள் கொண்ட பாடத்தை இலவசமாகத் தருகிறது. அதே நிலையைத் தம் வீட்டில் கடந்து வந்தவர்கள்தான் அதில் பேசுகிறார்கள், அதுதான் அதன் பலம். அந்த நாட்டுப் பள்ளி நடைமுறைகள் வரும் இடங்களை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

பெரும்பாலும் ஆங்கிலம்தான் என்பது ஒரு சிரமம். தானியங்கி மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மனச்சோர்வு பற்றிய பாடம் ஒன்றில் "உங்கள் குழந்தைக்குக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கலாம்" என்று எனக்கு வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "டிப்ரஷன்" என்ற ஒரே சொல்தான். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது. இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் பாதியில் விட்டுவிடவும் மாட்டோம்.

இவற்றில் எனக்கு உறைத்தது ஒரு சின்ன விஷயம். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர், ஆண்டனி ஜோர்ம் என்ற தம்பதி மனநல முதலுதவி என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். அடிபட்டவருக்கு மருத்துவர் வரும்வரை நாம் கட்டுப்போடுவதில்லையா, அது போல. அதில் ஒரு படி, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது. இதற்கு ஒரு பாடமா என்றுதான் நினைத்தேன். பயிற்சிக்காக எங்கள் ஆசிரியர் ஒருவரை மாணவராக நடிக்கச் சொன்னேன். "எனக்குப் படிக்கவே பிடிக்கல சார்" என்று ஆரம்பித்தார். அவர் இரண்டாவது வாக்கியத்துக்குப் போகும் முன் நான் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கொஞ்சம் முயற்சி பண்ணினா..." என்று தொடங்கியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க கேட்கவே இல்ல. பதில் தேடிட்டு இருந்தீங்க." முப்பது வருட அனுபவம், பத்து நொடி தாங்கவில்லை. அடுத்த முறை வாயை மூடிக்கொண்டு, "சரி, அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். அவர் நடிப்பதை மறந்துவிட்டுத் தன் சொந்தக் கவலை ஒன்றைச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, பயப்படும் பிள்ளைகளைப் பற்றியது. தனியாகப் படுக்கப் பயந்தால் கூடப் படுத்துக்கொள்கிறோம். யாராவது ஏதாவது கேட்டால் அவன் கூச்சப்படுவான் என்று நாமே பதில் சொல்லிவிடுகிறோம். பாசம்தான், தவறில்லை. ஆனால் பயம் அதில்தான் வளர்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே சிகிச்சை. இன்னொன்றில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி, பிள்ளை வரவே இல்லை. 2020இல் வெளியான முடிவில் இரண்டாவது பிரிவின் பலன் முதல் பிரிவுக்குச் சளைத்ததாக இல்லை. அங்கே பெற்றோருக்குச் சொல்லித்தந்தது இதுதான்: "உனக்குப் பயமா இருக்கு, எனக்குப் புரியுது. உன்னால தாங்க முடியும்னும் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, செய்துகொடுக்கும் உதவியை மெல்ல மெல்லக் குறைப்பது. அது நிபுணர்கள் நேரில் கொடுத்த பயிற்சி. வீடியோ பார்த்த மறுநாளே பிள்ளையைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

மூன்று வீடியோ பார்த்துவிட்டு "என் பையனுக்கு இந்த நோய்தான்" என்று என்னிடம் வராதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பிள்ளையின் தூக்கமும் சாப்பாடும் நட்பும் இரண்டு வாரத்துக்கு மேல் தடுமாறினால் வகுப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்ற தெம்புதான் வரும்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளிக் கணினி அறையில் ஒரு பாடத்தைச் சேர்ந்து பார்க்கப் போகிறோம், நடுநடுவே நிறுத்தித் தமிழில் பேசிக்கொள்ளலாம். எந்த வகுப்பில் சேர்வது என்று குழம்பினால் அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்து தருகிறோம். இயர்போன் இருந்தால் எடுத்து வாருங்கள். தாத்தா பாட்டி வந்தால் ரொம்ப நல்லது, பல வீடுகளில் பிள்ளை முதலில் வாய் திறப்பது அவர்களிடம்தான். மாணவர்களை மட்டும் அன்று வீட்டிலேயே விட்டு வாருங்கள். அவர்கள் வந்தால் நீங்கள் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்