முந்நூறு ரூபாய்க்குக் குறையாத அன்பு

மதுரைக் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகளின் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பிற்குரியோரே,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 22 ஆண்டுகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுத்தவள். ஆகையால் இம்மடலில் நான் குறை சொல்லும் பழக்கங்களில் ஒன்றிரண்டை நானே முன்நின்று தொடங்கிவைத்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எந்தப் பங்கில் நடந்தது என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால், மற்றப் பங்குகள் இதில் தமக்குப் பங்கில்லை என்று இருந்துவிடும்.

சென்ற ஆண்டு, கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக்காலத் தொடக்கத்தில், மறைக்கல்வி பயிலும் பிள்ளைகளிடம் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பப்பட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ‘கிறிஸ்துமஸ் ஃபிரெண்ட்’ தேர்ந்தெடுக்கப்படும் என்றும், அந்த நண்பருக்காக ‘ரூ. 300க்குக் குறையாத’ பரிசு ஒன்றை வண்ணத்தாளில் சுற்றி மூன்றாம் ஞாயிறன்று கொண்டுவர வேண்டும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. அந்த ஞாயிறன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெருவில் அவளுடைய தாயைப் பார்த்தபோது, “காய்ச்சல் டீச்சர்” என்றார். அவர் முந்தானையைப் பிடித்தபடி நின்றிருந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது. அதற்குக் காய்ச்சல் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தத் தாய்க்கும் தெரிந்தது.

அவர் பூக்கட்டுபவர். கார்த்திகை முடிந்து பனி இறங்கத் தொடங்கியதும் மல்லிகை வரத்து குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை எகிறுவது நம் ஊரார் அனைவரும் அறிந்ததே. ஆனால் விலை ஏறுவது பூவுக்குத்தான். கட்டுகிற கைக்கு அல்ல. கட்டுவதற்குப் பூ குறைந்தால் கூலியும் குறையும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வருகிற மாதம்தான் அந்த வீட்டில் வரும்படி மெலிகிற மாதம். சுற்றறிக்கையை எழுதியவர்கள் நல்லவர்கள், பிள்ளைகள் மகிழ வேண்டும் என்று நினைத்தவர்கள். அவர்களுடைய கணக்கில் மல்லிகை வரவில்லை, அவ்வளவுதான்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். இடையர்கள் வருவதோடு நம்மில் பலருக்கு அது முடிந்துவிடுகிறது. சற்றுக் கீழே இறங்கினால், குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க வந்த பெற்றோரின் காணிக்கையாக ஒரு சோடி மாடப்புறாக்களையோ இரு புறாக்குஞ்சுகளையோ லூக்கா குறிப்பிடுவதைக் காணலாம். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலின்படி, பிள்ளை பெற்ற தாய் கொண்டுவர வேண்டியது ஓராண்டு ஆட்டுக்குட்டி ஒன்றும், அதனுடன் ஒரு பறவையும். ஆட்டுக்கு வழியில்லாதவள் இரண்டு பறவைகளைக் கொண்டுவரலாம் என்று அந்தச் சட்டமே இடம் விட்டிருந்தது. அதாவது, மரியாவும் யோசேப்பும் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய வரிசையில் நின்றார்கள் என்பதை லூக்கா இரண்டு பறவைகளைக் கொண்டே சொல்லிவிடுகிறார். கண்டிப்புக்குப் பெயர்போன பழைய சட்டம் ஏழைத் தாய்க்காகத் தன் அளவைக் குறைத்துக்கொண்டது. நம் சுற்றறிக்கை குறைத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்றாம் ஞாயிறன்று மரியா தம் மகனை நம் மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தால், அவரும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

மொய் எழுதாத வீடு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அரிது. காதுகுத்தோ கல்யாணமோ, மண்டபத்தில் மேசை போட்டு அமர்ந்து பெயர், ஊர், தொகை என்று எழுதுவார்கள். விழா முடிந்ததும் அந்த நோட்டு பீரோவுக்குள் போய்விடும். இன்னார் நமக்கு ஐந்நூறு செய்தார், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும் என்று பின்னொரு நாளில் அது வெளியே வரும். மொய்யைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒரே நாளில் பெருஞ்செலவு வந்து விழும் குடும்பத்தை உறவும் ஊரும் வட்டியில்லாமல் தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு அது. அதை அன்பளிப்பு என்று யாரும் தம்மை ஏமாற்றிக்கொள்வதும் இல்லை. நாம் வகுப்பறையில் நடத்துவதோ மொய்யின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதன் பயனை உதறிவிட்ட ஒன்று. நூறு பிள்ளைகள் முந்நூறு ரூபாய்ப் பொருளைக் கொண்டுவந்து, முந்நூறு ரூபாய்ப் பொருளை வாங்கிச் செல்கிறார்கள். முப்பதாயிரம் ரூபாய் கைமாறியும் எந்த வீட்டுச் சுமையும் இறங்கவில்லை. நூறு வீடுகளில் ஒரு தண்ணீர் பாட்டிலோ புகைப்படச் சட்டமோ கூடியிருக்கிறது. அளந்து வாங்கி அதே அளவில் திருப்பிக் கொடுப்பதற்குப் பழந்தமிழில் ‘குறியெதிர்ப்பை’ என்று பெயர். இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பைதான் என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே பிரித்துவைத்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் குறளை வகுப்பில் நடத்தியவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மறந்துவிட்டேன்.

‘அப்படியானால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதே தவறா?’ என்று கேட்பீர்கள். இல்லை. செல்லூரில் நான் வளர்ந்த தெருவில், தறிச் சத்தத்துக்கு நடுவே, கிறிஸ்துமஸ் காலையில் என் அம்மா பத்துப் பன்னிரண்டு தட்டுகளை வரிசையாகப் பரப்புவார். அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு. மேலே ஒரு பூப்பின்னல் துணி. நாங்கள் பிள்ளைகள் புதுத்துணி கசங்காமல் அவற்றைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போவோம். தீபாவளிக்கும் ரம்சானுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவற்றுக்கு இது பதில்தான். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவர்களும் ஒரு கைச் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். வெளிப்பார்வைக்கு அதுவும் கொடுக்கல் வாங்கல். ஆனால் பன்னிரண்டு தட்டுகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பல் இல்லை என்பதால் அவர் தட்டில் முறுக்கு இருக்காது, அதிரசம் இரண்டு கூடுதலாக இருக்கும். கடைசி வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்குக் காரம் மட்டும் தனியே ஒரு பொட்டலம். அவ்வாண்டு சாவு விழுந்து பண்டிகைக்கு அடுப்பேற்றாத வீட்டுக்கு இரண்டு தட்டு போகும். அம்மாவுக்கு எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்று எழுதிவைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. நல்ல பரிசு எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த மறையுரையிலும் கேட்டதில்லை. பெறுகிறவரை அறிந்திருப்பதுதான் அதில் பெருஞ்செலவு. எண்ணெயும் மாவும் அப்புறம்.

இதைப் பொருளியல் அறிஞர்களும் தம் வழியில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பண்டிகைப் பரிசுகளுக்காகச் செலவிட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பெறுகிறவரின் மதிப்பீட்டில் வீணாகிவிடுகிறது என்று கணக்கிட்டார். தனக்கென்றால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கமாட்டாத பொருளே கையில் வந்து சேருகிறது என்பது பொருள். அன்பை ரூபாய்க் கணக்கில் அளக்கலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தொகையை முதலில் அச்சிட்டவர்கள் நாம்தாமே.

அடுத்தது கிறிஸ்துமஸ் தாத்தா. இன்றைய துருக்கி நாட்டிலிருக்கும் மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கோலாரே இவருக்கு மூலம். டிசம்பர் 6 அவருடைய திருநாள். அவரைப் பற்றி வழங்கிவரும் கதை நம் ஊருக்கு மிகவும் பழக்கப்பட்ட துயரத்தில் தொடங்குகிறது: மூன்று பெண்களைப் பெற்ற ஏழைத் தந்தை ஒருவரால் வரதட்சணை கொடுக்க முடியவில்லை. நிக்கோலார் இரவில் வந்து, அந்த வீட்டுக்குள் பொற்காசுப் பையை எறிந்துவிட்டுப் போகிறார். இரவில் ஏன் வந்தார்? வாங்குகிற மனிதர் மறுநாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காக. சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியும் பருத்த வயிறும் முன்பே படங்களில் இருந்தவை என்றாலும், 1931 முதல் கோக்கா கோலா விளம்பரங்களுக்காக ஹாடன் சன்ட்ப்ளம் வரைந்த உருவமே உலகெங்கும் பரவி நிலைத்தது. வீடுவீடாகப் பாடிச் செல்லும் நம் கீத பவனியில் அவர் டிரம்செட்டோடு வருகிறார், குத்தாட்டம் போடுகிறார், பின்னால் நகைக்கடை விளம்பரத்தட்டி வருகிறது. (முகமூடிக்குள் வியர்த்து வடியும் அந்த இளைஞர்மீது எனக்கு எப்போதும் இரக்கமுண்டு.) ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உறைக்குள் கனமான தொகை வைக்கும் வீடுகளின் பட்டியலைப் போட்டு, அந்த வரிசையில் வண்டியைத் திருப்புவதையும், நேரமாகிவிட்டது என்று சந்துகளை விட்டுவிடுவதையும்தான் நிறுத்தச் சொல்கிறேன். பாட்டைக் கேட்க வேண்டி ஒன்பது மணி வரை வாசலில் கோலமிட்டுக் காத்திருந்த வீடுகள் அந்தச் சந்துகளில்தான் இருந்தன.

நிக்கோலாரின் இரவு நம்மிடம் முற்றிலும் தொலைந்துவிடவில்லை. 1833இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் நம் பங்குகளிலும் இருக்கின்றன. அதன் உறுப்பினர்கள் வீடு தேடிச் சென்று உட்கார்ந்து பேசுகிறார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வருகிறது, அதில் யார் எவ்வளவு போட்டார் என்று அருகில் இருப்பவருக்கும் தெரியாது. அதே கோவில் வளாகத்தில், டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில், நாம் மேடை போட்டு ஃபிளெக்ஸ் கட்டி, கைம்பெண்களை வரிசையில் நிறுத்தி, புகைப்படக்காரர் ‘இங்கே பாருங்க’ என்று சொல்லும்வரை சேலையின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொள்கிறோம். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நாம், இரண்டு கைகளும் படத்தில் விழ வேண்டும் என்று கவனமாக இருக்கிறோம். இவ்வாண்டு அந்த மேடைச் செலவையும் சேலைப் பணத்தையும் அந்தப் பையில் போட்டுவிடுங்கள். யாருக்குச் சேலை வேண்டும், யாருக்கு மருந்துச்சீட்டுக்குப் பணம் வேண்டும், யாருக்கு யாராவது வந்து அரைமணி நேரம் பேசினால் போதும் என்பது வீடு தேடிப் போகிறவர்களுக்குத் தெரியும்.

விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைக்காரர்களுக்கு இந்த மடலை நான் எழுதவில்லை. அவர்கள் வணிகம் செய்கிறார்கள், அது அவர்கள் தொழில். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுக்கும் தகப்பனின் மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனம் வராது. போனஸ் தீபாவளிக்கே வந்து செலவாகிவிட, டிசம்பரில் நகையை அடகு வைத்து உடுப்பெடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கும்போது, கோவிலும் தன் பங்குக்கு ஒரு செலவைத் தலையில் ஏற்றக் கூடாது என்பதே என் வழக்கு.

குடில் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். 1223ஆம் ஆண்டு கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் வைத்து அமைத்த குடில், கடவுள் எவ்வளவு வறுமையில் பிறந்தார் என்பதைக் கண்ணால் காண்பதற்காக. நம் போட்டியிலோ மின்விளக்குச் சரத்தின் நீளத்துக்கும் மோட்டார் அருவியின் உயரத்துக்கும் மதிப்பெண் போகிறது. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில், கொலு பொம்மை செய்து முடித்த அதே கைகள் குடிலுக்கான மரியாவையும் யோசேப்பையும் இடையர்களையும் மண்ணில் செய்து வண்ணம் தீட்டுகின்றன. நம் ஊரில் அவர்கள் இருக்க, பெட்டியில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் குழந்தை இயேசுவை ஏன் வாங்குகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. மறைக்கல்விப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிச்சென்று, சூளையைக் காட்டி, ஆளுக்கொரு ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுங்கள். செலவைக் கோவில் ஏற்கட்டும்.

சீட்டுக் குலுக்கலையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் தொகையை எடுத்துவிட்டு, சீட்டு எடுத்த நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் தன் நண்பரைப் பற்றி முன்பு தெரியாத ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் மஞ்சள்காமாலையால் ஒரு மாதம் பள்ளிக்குப் போகாத பையன் ஒருவன் இருந்தான். அவனைச் சீட்டில் எடுத்த பையன், விட்டுப்போன அறிவியல் பாடக் குறிப்புகள் முழுவதையும் தன் கையால் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். படங்களுக்கு வண்ணம் தீட்டியிருந்தான். வண்ணத்தாள் சுற்றவில்லை. அதற்கு என்ன விலை இருக்கும் என்று அன்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை; அடுத்த ஆண்டுதான் எல்லாரும் சமமாகக் கொடுக்கட்டும் என்று நினைத்து நான் முதன்முதலாக ஒரு தொகையைக் கரும்பலகையில் எழுதினேன். அப்போது அது இருபது ரூபாய்.

திருவருகைக்காலம் தொடங்குவதற்கு முன் உங்கள் பேரவைகள் கூடும். இவ்வாண்டுச் சுற்றறிக்கை அச்சுக்குப் போகும் முன், ‘குறையாத’ என்ற சொல்லை அடிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் வருகிறேன். அந்தப் பிள்ளை இவ்வாண்டு ஏழாம் வகுப்பு. அவளுடைய தாயிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மதுரை