மூணாறுச் சுவர்களில் கொழுந்தெடுத்தவர்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூணாறு சாலைகளின் தடுப்புச் சுவர்களில் சித்திரம் தீட்டி ஊரை அழகுபடுத்தலாம் என்ற யோசனையைச் சுற்றுலாப் பருவம் நெருங்கும்போதெல்லாம் யாராவது முன்வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தூரிகையை எடுப்பதற்கு முன் அங்கே பிறந்து உழைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரையாடும் யானையும் கதகளி முகமும் விடுதிச் சுவர்களில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. கதகளிக்கும் மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலைக்கும் என்ன உறவு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூணாற்றின் தேயிலைத் தொழில் வரலாற்றை வரையப் புகுந்தால் சுவர்தான் போதாமல் போகும். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் மாடுகள் இழுக்க வண்டி ஓடியது. 1908இல் அது இரண்டடி அகல ரயில் பாதையானது. மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போன தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு மாட்டுவண்டியில் எங்கள் போடிக்கு வந்து சேர்ந்தன. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று மலையாளிகள் இன்றும் சொல்லும் 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் யாரும் அதைப் போடவில்லை. ரயில் நிலையமாக இருந்த கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனி அலுவலகம். அதைக் கடந்து போகும் பயணிகளில் எத்தனை பேருக்கு இங்கே ரயில் ஓடியது தெரியும்?

நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1905ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் இயந்திரமும், கன்னிமலை மின் நிலையத்தில் நீர்விசையால் சுழன்ற பெல்டன் சக்கரமும், நாசரேத் தொழிற்பள்ளியில் 1913இல் செய்த சூரியக் கடிகாரமும் இருக்கின்றன. இயந்திரங்களை நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். மனிதர்கள் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம்.

படங்களில் வரும் கொழுந்தெடுக்கும் பெண் எப்போதும் நகை பூட்டிச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். என் அப்பத்தா மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கம்பளியைத் தலையை மூடும் கொங்காணியாகப் போட்டு, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டியிருப்பார். கயிறு அழுத்திய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே கிடையாது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்த பெருவிரலும் ஆள்காட்டி விரலும், வேலையை விட்டுப் போடிக்கு இறங்கி வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் முழுதாக வெளுக்கவில்லை. வரைவதானால் அந்த விரல்களை வரையட்டும். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்ததையும் அதே சாலையின் சுவரில் வரையட்டும். அதுவும் இந்தத் தொழிலின் வரலாறுதான். 2020 நிலச்சரிவில் தொழிலாளர் குடியிருப்பு புதைந்த பெட்டிமுடியை மட்டும், உறவுகளை இழந்த குடும்பங்கள் தாமாகச் சொன்னாலொழிய, யாரும் தொடக் கூடாது என்பேன்.

வெளியூர் ஓவியர் வருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளும் அவருடன் சேர்ந்து தீட்ட வேண்டும். படத்தின் கீழே தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் இருக்க வேண்டும். ரோப்வேயின் எச்சங்கள் இன்னும் நிற்கும் டாப் ஸ்டேஷனில் முதல் சித்திரத்தைத் தொடங்கலாம். எந்தப் படமானாலும் சுவருக்குப் போகும் முன் அதன் மாதிரியை, தொழிலாளர்கள் வேலைக்குப் போகுமுன் கூடும் பெரட்டுக் களத்தில் பத்து நாள் ஒட்டிவைக்க வேண்டும் என்று ஊராட்சியையும் சுற்றுலாத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். பாரம் ஏறிய கூடை முதுகில் எந்த இடத்தில் உட்காரும் என்று ஓவியருக்குச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.