மூன்று வேடம் போடும் சுவர்கள்

அன்புள்ள பாலா,

இங்கு எல்லோரும் நலம். லீட்ஸில் மழை, கீதா உங்கள் அனைவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். முக்கியமான செய்தி ஒன்றுதான்: டிசம்பரில் நம் சிற்றுருவப் போர் விளையாட்டுக்கு மேசையில் உட்காரச் செல்வம் ஒப்புக்கொண்டுவிட்டான். உருவங்கள் நகரும் தரையையும் சுவர்களையும் நான் செய்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். எனவே இந்தக் கடிதம் முழுவதும் ஃபோம், பசை, கல்லறை இவற்றைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ செய்த காற்றாலை மாதிரியின் படத்தைப் பார்த்தேன். அழகில் குறையில்லை. ஆனால் அதை நடுவில் வைத்துவிட்டால், நாம் ஆடுகிற ஒவ்வொரு கதையும் காற்றாலைக் கதையாகவே முடியும். பெரிய துண்டுகள் முதல் ஆட்டத்தில் வாயைப் பிளக்க வைக்கும், மூன்றாவது ஆட்டத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு துண்டும் மடாலயம், கிராமம், கொள்ளைநோய் வந்த நகரம் ஆகிய மூன்று வேடங்களையும் போட வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறேன். உன் ஆலையின் இறக்கையையும் கூரையையும் கழற்ற முடியுமானால், அதுவும் இடிந்த கோபுரமாக உள்ளே வரலாம். கழற்ற மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பரப்பு 4-க்கு 4 அடி. 1999-இல் மோர்டைம் என்ற சிற்றுருவப் போர் விளையாட்டு வெளிவந்தபோது நாம் ஆடத் தொடங்கிய அதே அளவு. இதை 2 அடிச் சதுரப் பலகைகள் நான்காகப் பிரிக்கிறேன். பாதை எதுவானாலும் பலகையின் விளிம்பை அதன் நடுப்புள்ளியில்தான் தொட வேண்டும். அப்போதுதான் பலகைகளை எப்படித் திருப்பி வைத்தாலும் பாதைகள் ஒன்றோடொன்று சேரும். பின்பக்கத்தில் கல் பாவிய தரையைத் தீட்டிவிட்டால், திருப்பிப் போட்டதும் கிராமம் நகரமாகிவிடும்.

சுவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எல் வடிவத்தில் வெட்டுகிறேன். அவை தாங்கலின்றித் தாமாகவே நிற்கும். இரண்டைச் சேர்த்தால் ஒரு வீடு, நான்கைத் தள்ளித் தள்ளி நிறுத்தினால் ஒரு மடாலயத்தின் எலும்புக்கூடு. மாடிக்கு மாடி 3 அங்குலம் விடுகிறேன். அதற்குக் குறைந்தால், மேல்தளத்தை எடுக்காமல் உள்ளே கை நுழையாது. வாசல்களின் அகலம் 30 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் வட்ட அடிப்பாகம் கொண்ட உருவம் தட்டாமல் நுழைந்து வெளியேறும். ஃபோமில் வண்ண ஸ்ப்ரேயை நேரடியாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ஃபோமையே தின்றுவிடும் என்பதால், அக்ரிலிக் வண்ணத்தில் பசையைக் கலந்து முதலில் பூசிவிடுகிறேன். அதற்கும் முன்பு, கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி அழுத்தினால், பல நூற்றாண்டுக் காற்றில் அரித்த கல்லின் முகம் வந்துவிடுகிறது.

அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே கடலோர ஊரான விட்பிக்குப் போய் வந்தேன். 199 படிகள் ஏறி மேலே சென்றால், புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிலும் கடற்காற்று எழுத்துகளைத் தின்றுவிட்ட கல்லறைக் கற்கள். அவற்றைத் தாண்டி மடாலயம். அதன் கிழக்குச் சுவரில் மூன்றடுக்கில், அடுக்குக்கு மூன்றாக, ஒடுங்கிய கூர்முனைச் சாளரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கூரையோ அறையோ இல்லை, வானம் மட்டும்தான். 1914 டிசம்பரில் ஜெர்மன் கப்பல்கள் சுட்டதில் மேற்கு முகப்பு சேதமடைந்தது. ஆனால் என்னை அதிகம் தடுத்து நிறுத்தியது அதன் நிறம். நாம் எப்போதும் பூசுகிற கறுப்போ சாம்பலோ அங்கில்லை. தேன் பழுப்பில் அழுக்கேறிய மணற்கல். அப்படியிருந்தும் மாலை வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது முதுகு சில்லிட்டது.

இது அலங்காரப் பிரச்சினை மட்டுமன்று, பாலா. செல்வத்துக்கு இடது கண்ணில் பார்வை மிகவும் மங்கிவிட்டது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். என்னிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கறுப்புத் தரையில் கறுப்புச் சுவர் நின்றால், கறுப்பு அங்கி அணிந்த அவனுடைய சூனிய வேட்டைக்கார உருவங்கள் அவனுக்கே தெரியாது. எனவே தரையை வெளிறிய மண்நிறத்தில் தீட்டி, சுவரின் விளிம்புகளை உலர்தூரிகையால், அதாவது வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால், நன்றாக வெளுக்கப் போகிறேன். விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றும் உன் வழக்கத்துக்கு இந்த முறை அனுமதி கிடையாது. இரவு வேண்டுமென்றால், 12 அங்குலத்துக்கு மேல் யாரும் யாரையும் பார்க்க முடியாது என்று ஒரு விதி போதும்.

யோசித்துப் பார்த்தால், நம்மை நடுங்க வைத்தவை எல்லாம் மூலைக்கு அப்பால் தெரியாமல் நின்றவைதாம். அந்த மறைவைத்தான் சுவர்களைக் கொண்டு உண்டாக்கப் பார்க்கிறேன். துண்டுகளைப் பரப்பிய பின், கண்ணை உருவத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்கிறேன். ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை பார்வை தடையின்றி ஓடினால், இடையில் ஒரு வேலியையோ கவிழ்ந்த வண்டியையோ தள்ளுகிறேன். அதற்காகக் கண்டபடி நிரப்பவும் முடியாது. செல்வத்தின் கை எதையும் இடித்துத் தள்ளாமல் போய் வர வேண்டும்.

கல்லறைக் கற்களையும் வளைவுகளையும் நீ முப்பரிமாண அச்சில் எடுத்துத் தருவதாகச் சொன்னாயே, அவற்றுக்குக் கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் அனுப்பு. வளைவின் உள்ளகலம் 30 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கற்களை அடுத்த மாத நடுவிற்குள் அனுப்பினால்தான், பலகைகளோடு சேர்த்து ஒரே கலவையில் வண்ணம் தீட்ட முடியும்.

அன்புடன்,
ரவி