கடைசி கால் மணி நேரம் எங்க சார்?

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் ஃபிலிம் கிளப்ல போட்ட 'மேன் ஆஃப் மார்பிள்'ங்கிற போலந்து படத்தப் பத்தி உங்க பேப்பர் உள்ளூர் பக்கத்துல சின்னதா ஒரு நியூஸ் வந்திருந்துச்சு, 'கம்யூனிச எதிர்ப்புப் படம் திரையிடல்'னு தலைப்பு. நானும் அன்னைக்கு மூணாவது வரிசையில எங்கப்பாவோட உக்காந்து பாத்தவன்தான், அதனால எழுதுறேன். உங்க நிருபரத் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா அவரும் படத்தோட முடிவப் பாத்திருக்க மாட்டாரு. யாருமே பாக்கல. போடவே இல்ல.

ஆறு மணி ஷோன்னு சொல்லிட்டு ஆறே காலுக்கு வரவேற்புரை, அப்புறம் சிறப்புரை, அதுல உலக சினிமா வரலாறு மொத்தமும் வந்து போச்சு, படம் ஆரம்பிக்கும்போது ஏழு தாண்டிருச்சு. படமோ ரெண்டே முக்கால் மணி நேரம் கிட்ட வரும். ஒன்பதரைக்கு ஹால் வாட்ச்மேன் சாவிக்கொத்தோட கதவாண்ட வந்து நின்னுட்டாரு. திரையில, ஒரு கொத்தனாரப் பத்திப் படம் எடுக்கக் கிளம்புன பொண்ணுகிட்டருந்து கேமராவப் பிடுங்கிட்டாங்க, அவ தன் அப்பா வீட்டுக்கு வந்து என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கா, டக்குனு லைட்டப் போட்டுட்டாங்க. "மிச்சம் கொஞ்சம்தான், கதை முடிஞ்ச மாதிரிதான்"னு மைக்ல அறிவிப்பு வேற.

முடியல சார். விஷயமே அங்கதான் இருக்கு.

படம் போலந்து டைரக்டர் ஆந்த்ரே வாய்தா 1977ல எடுத்தது. (அவர் பேரக் கேட்டா நமக்கு கோர்ட்டுதான் ஞாபகம் வரும், பொருத்தம்தான், ஸ்கிரிப்ட் 60கள் தொடக்கத்துலயே ரெடி, அரசாங்கம் பத்து வருஷத்துக்கு மேல வாய்தா மேல வாய்தா போட்டுத்தான் ஷூட்டிங்குக்கு விட்டுச்சு.) க்ராக்கோவ் பக்கத்துல நோவா ஹூட்டான்னு ஒரு ஸ்டீல் டவுன், 1950கள்ல கட்டுறாங்க, அங்க பிர்குத்னு ஒரு கொத்தனார், தன் ஆளுங்களோட சேந்து ஒரே ஷிஃப்ட்ல 30,000 கல்லுக்கு மேல கட்டுறான், அத நியூஸ்ரீலுக்குப் படம் பிடிச்சு போஸ்டர் அடிச்சு மார்பிள்ல சிலையும் செஞ்சு வச்சு அவனப் பெரிய ஆளாக்குறாங்க. இருபது வருஷம் கழிச்சு அக்னியெஷ்கான்னு ஒரு சினிமா ஸ்டூடன்ட் அந்தச் சிலை மியூசியம் குடோன்ல கீழ கெடக்குறதப் பாத்துட்டு, அது மேலயே ஏறி உக்காந்து கேமராவ ஓட்டுறா, இந்த ஆள் என்ன ஆனான்னு தேடிக் கிளம்புறா.

எங்கப்பா நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பாத்தவரு. சிமென்ட் தின்னு தின்னு அவர் விரல்ல ரேகையே இல்ல, ரேஷன் கடை மெஷின்ல நாலு தடவ வச்சாலும் விழாது. அவரு 30,000 கல்லுன்னதும் சிரிச்சுட்டாரு. எட்டு மணி நேரம்னு வச்சாலும் நிமிஷத்துக்கு அறுபதுக்கு மேல வருது, எத்தன கை சேந்தாலும் செகண்டுக்கு ஒரு கல்லு, "இம்புட்டு வேகமா கட்டுன சுவத்துக்கு யாருடா தண்ணி அடிச்சா?"ன்னு என் காதுல கேட்டாரு. ஆனா இன்னொரு ஊர்ல சாதனைய காட்டப் போறப்ப கை மாத்தி கை மாத்தி வர்ற கல்லுல ஒண்ணு கொதிக்கக் கொதிக்க வந்து பிர்குத் கையில விழுது பாருங்க, அப்ப அப்பா சிரிக்கல, ரெண்டு கையையும் மடியில மூடி வச்சுக்கிட்டாரு.

கை வெந்த பழி அவன் கூட்டாளி வித்தேக் மேல திரும்புது, சதிகாரன்னு பிடிக்கிறாங்க. இவன் கூட்டாளிய விட்டுக்குடுக்கல, ஆபீஸ் ஆபீஸா அலையிறான், கடைசில செங்கல்லத் தூக்கி வீசுறான், ஜெயிலுக்குப் போறான், சிலையும் போயிடுது. இதுவரைக்கும்தான் நாங்க பாத்தது. இதோட நிறுத்துனா உங்க தலைப்பு சரின்னு தோணும்தான்.

மிச்சத்த ராத்திரி நான் ஃபோன்ல தேடிப் பாத்தேன். அக்னியெஷ்கா போலந்தோட துறைமுக ஊரான கதான்ஸ்க்ல கப்பல் கட்டுற தளத்துக்குப் போறா, கேட்ல பிர்குத்தோட மகன் நிக்கிறான், அப்பன், மகன் ரெண்டு வேஷமும் ராத்ஸிவிலோவிச்ங்கிற ஒரே நடிகர்தான். அப்பா செத்துட்டாருங்கிறான். எப்படின்னு சொல்லல. சொல்ற சீன வாய்தா நினைச்ச மாதிரி வைக்க சென்சார் விடல. 1970 டிசம்பர்ல சாப்பாட்டு சாமான் விலைய ஏத்துனதுக்கு எதிரா அந்தப் பக்கத்துத் துறைமுக ஊர்கள்ல தொழிலாளிங்க தெருவுக்கு வந்தப்ப ராணுவமும் போலீசும் சுட்டு நாப்பதுக்கும் மேல செத்தாங்க, கதைப்படி அதுல ஒருத்தன்தான் பிர்குத். அத வாய்தா 1981ல 'மேன் ஆஃப் அயர்ன்'லதான் சொல்ல முடிஞ்சுது, அது பிரான்ஸ்ல நடக்குற கான் திரைப்பட விழால முதல் பரிசு வாங்குச்சு, அந்த டிசம்பர்லயே போலந்துல ராணுவச் சட்டம் வந்து படத்த நிறுத்திட்டாங்க.

இப்ப சொல்லுங்க, இது யாருக்கு எதிரான படம்? உழைக்கிறவன் ஆட்சின்னு சொல்லிட்டு உழைக்கிறவனயே சுட்டவங்கள ஒரு கொத்தனார் பக்கம் நின்னு கேள்வி கேக்குற படம் சார் இது. தலைப்புல அந்தக் கொத்தனார் எங்கயாவது இருக்கானா? 1977ல போலந்து பத்திரிகைக்காரங்க வாய்தாவுக்கு ஒரு செங்கல்லுல ரிப்பன் கட்டிப் பரிசாக் குடுத்தாங்களாம், அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

ஃபிலிம் கிளப்காரங்களும் இத படிப்பாங்கன்னு நம்புறேன். ஏற்கனவே சென்சார் ஒரு தடவ வெட்டுன முடிவ நீங்க ரெண்டாவது தடவ வெட்டிட்டீங்க. அடுத்த மாசம் 'மேன் ஆஃப் அயர்ன்' போடுங்க, அதுக்கு முன்னாடி விட்ட கால் மணி நேரத்தப் போடுங்க, சிறப்புரைய படம் முடிஞ்சப்புறம் வச்சுக்கலாம், இருக்குறவங்க இருக்கட்டும். அப்பா பஸ்ல வரும்போதே "அந்தப் பொண்ணு அவனக் கண்டுபிடிச்சாளா"ன்னு கேட்டாரு, நான் இன்னும் சொல்லல, பெரிய திரையில பாக்கட்டும்னு வச்சிருக்கேன். எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு.

– உங்க வாசகன், ஒரு கொத்தனார் மகன்