கண்டுபிடிப்பதற்குக் கூலி கேளுங்கள்: வன்னிக் கராச்சுகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் கராச் நடத்தும் அண்ணன்மாருக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சியில் இருந்து ஹயர் ஓட்டுபவன். கட்டுநாயக்காவில் வந்திறங்கும் கனடாக்காரரை ஏற்றி வருவதும், கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளைக் காராகப் போவதுமாக என்னுடைய ஜேர்மன் டீசல் கார் ஓடுகிறது. பழைய கார்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் என்ன, வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இப்போது எங்கள் பக்கம் ஓடும் பென்ஸ், பிஎம்டபிள்யூ, லெக்ஸஸ் எல்லாம் இன்னும் பல வருடம் இங்கேதான் ஓடப்போகின்றன. அவற்றின் புகைக் குழாயில் இருக்கும் சென்சர்கள் ஒவ்வொன்றாக உங்கள் வாசலுக்கு வரும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இப்போது நடப்பது இதுதான். டாஷ்போட்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கானரைச் செருகுகிறீர்கள், பிழையைச் சொல்லும் ஒரு இலக்கம் வருகிறது, அதைத்தான் "கோட்" என்கிறோம். "சென்சர் போயிட்டுது அண்ணை" என்கிறீர்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒரு போன், மறுநாள் பஸ்ஸில் சாமான் வந்துவிடும். மாட்டி, அந்தக் கோட் இலக்கத்தை அழித்ததும் விளக்கு அணைகிறது. கொஞ்ச நாளில் திரும்ப எரிகிறது. அப்போது அடுத்த சென்சர்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நீங்கள் ஒரு மணித்தியாலம் காருக்குக் கீழே படுத்துக் கிடந்து, பிழையைப் பிடித்து, ஒரு கிளிப்பை இறுக்கிவிட்டு மூவாயிரம் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். அதைப்போல இருபது மடங்கு விலைக்குப் புதுச் சாமான் மாட்டினால் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறார். உழைப்புக்கும் மூளைக்கும் காசில்லை, சாமானில் வைக்கிற இலாபத்தில்தான் கராச் ஓட வேண்டும் என்றால் சாமான்தான் மாறும், பிழை மாறாது. என்னுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று: பிழையைக் கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி வையுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். சென்சரை விற்பது அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்கானர் காட்டும் இலக்கம் வெறும் முறைப்பாடு. விசாரணை இனித்தான் நடக்க வேண்டும். பி 0171 என்ற கோட்டையே எடுங்கள். கலவையில் காற்று கூடிவிட்டது, எரிபொருள் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். அதைச் சொன்னது ஒட்சிசன் சென்சர். பொஷ் நிறுவனம் செய்து 1976இல் வொல்வோ கார்களில் முதன்முதலாக வந்த அந்தச் சாமானின் அடிப்படை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. உள்ளே சேர்க்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் இருக்கும் ஒட்சிசன் வித்தியாசத்தால் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற சரியான கலவையில் கிட்டத்தட்ட 0.45 வோல்ற். பெற்றோல் கூடினால் 0.9 பக்கம் ஏறும், காற்று கூடினால் 0.1க்கு இறங்கும். பீங்கான் 300 பாகைக்கு மேல் சூடானால்தான் வாய் திறக்கும் என்பதால் உள்ளே ஒரு ஹீற்றரும் உண்டு.

இப்போது எங்கள் கிறவல் றோட்டுகளை நினையுங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதியில் சலசலவென்று அடித்துக்கொண்டு ஓடிய காரில் எஞ்சினில் இருந்து புகையைச் சேர்த்து எடுக்கும் மனிபோல்டுக்கும் குழாய்க்கும் இடையில் கசிவை அடைக்கும் கஸ்கட் விட்டிருக்கும், இல்லையென்றால் வளைகுழாயின் பின்னல் வெடித்திருக்கும். புகை வெளியே போவது மட்டும் அல்ல, துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்று உள்ளேயும் இழுபடும். சென்சர் அந்தக் காற்றைக் கண்டு "காற்றுக் கூட" என்கிறது. கம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டுகிறது. லீற்றருக்கு ஓடும் தூரம் குறைகிறது. கடைசியில் கழற்றி எறியப்படுவது சென்சர்!

பார்க்கும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஒரு தடித்த துணியால் கொஞ்ச நேரம் அடைத்துப் பிடித்தால் விட்ட இடத்தில் "சிக் சிக்" என்று கேட்கும். கஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு விழுந்திருக்கும். ஸ்கானரிலும் ஒரு இடம் இருக்கிறது, லோங் டேர்ம் ஃபுவல் ட்ரிம். கம்பியூட்டர் பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைத்து வருகிறது என்ற கணக்கு அது. மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் அது பெரிதாக ஏறி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இறங்கினால் எங்கோ வெற்றிடக் குழாய் காற்று இழுக்கிறது. மாறாக, லோட் ஏற ஏற அதுவும் ஏறினால் பெற்றோல் பம்பையோ காற்றளவு சென்சரையோ பாருங்கள். எங்கள் புழுதிக்கு அந்தக் காற்றளவு சென்சரின் கம்பியில் செம்மண் படிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்கென்று விற்கும் ஸ்பிரே உண்டு. கொம்பிரசர் காற்றை மட்டும் அதில் அடித்துவிடாதீர்கள்.

யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், காபரேற்றருக்கு ரெண்டு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களை ஓடவிட்ட கைகள் உங்கள் கைகள். காதாலேயே ரியூன் செய்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? காதோடு இலக்கத்தையும் சேர்த்துப் பார்க்கப் பழகினால் போதும்.

என்னுடைய காரில் நடந்ததைச் சொல்கிறேன். பி 2453 என்று வந்தது. டீசல் புகையில் இருக்கும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அதுதான் நாம் டீபிஎஃப் என்பது, அதன் அழுத்த சென்சரின் அளவு பொருந்தவில்லை என்று பொருள். ஒரு கராச்சில் சென்சரை மாற்றினார்கள். விளக்குத் திரும்ப எரிந்தபோது, "வடிகட்டி அடைச்சுப்போச்சு, உள்ளுக்குள்ள இருக்கிறதை வெட்டி எடுத்திட்டுக் கம்பியூட்டரில அதை இல்லாமல் பண்ணுவம்" என்றார்கள். நான் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற தம்பி முதலில் திறப்பை மட்டும் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கானரைப் பார்த்தார். அழுத்தம் பூச்சியம். "அண்ணை, சென்சர் பொய் சொல்லேல்ல" என்றார். பிறகு ஐடிலில் பார்த்தார், 3,000 சுற்றில் பார்த்தார். ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. வடிகட்டி அடைத்திருந்தால் கூடவல்லவா காட்டவேண்டும்? சென்சருக்கு வடிகட்டியின் முன்பக்கத்தில் இருந்து ஒரு குழாய், பின்பக்கத்தில் இருந்து ஒரு குழாய் என்று இரண்டு றப்பர் குழாய்கள் போகின்றன. முன்பக்கக் குழாயைக் கழற்றி, வளைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கிளிப் இறுகும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நகக்கீறல் அளவில் ஒரு வெடிப்பு. வெப்பத்தில் கருவாடாக விறைத்திருந்தது. வெப்பம் தாங்கும் குழாய் ஒரு சாண் போட்டதோடு கதை முடிந்தது. அந்தத் தம்பி குழாய்க்கு மட்டும்தான் காசு வாங்கினார். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

வடிகட்டியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய உள்ளே ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். அதற்குக் கால் மணித்தியாலமாவது நிற்காமல் ஓட வேண்டும். ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டினால் அதற்கேற்ற ஓட்டம் கிடைக்கும். சட்டம் சொல்லும் 70 போதும், ஒரு கியரைக் குறைத்து 2,000 சுற்றுக்கு மேலே வைத்தால் சரி. முறிகண்டியில் எல்லோரும் நிறுத்துவோம், கற்பூரம் கொளுத்துவோம், கச்சான் வாங்குவோம். எரிதல் நடந்துகொண்டிருந்தால் அங்கே எஞ்சினை அணைப்பதோடு அது பாதியில் நின்றுவிடும். பிள்ளையார் கோவிக்கமாட்டார், எரிந்து முடிந்த பிறகு நிறுத்தலாம். கலியாண ஊர்வலத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு நடைவேகத்தில் உருள்வதுதான் இந்த வடிகட்டிக்கு மிகப் பெரிய எதிரி. ஆடி ஆவணிக் கோடையில் எரிதல் நடக்கும் காரைக் காய்ந்த புல்லில் நிறுத்தவும் கூடாது. இதையெல்லாம் சேவிஸுக்கு வரும் ஆட்களிடம் இரண்டு நிமிடம் நின்று சொல்லுங்கள். அவர்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஒயிலையும் கவனியுங்கள். டீபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ஒயில்தான் போட வேண்டும், என் காருக்குக் கானில் ஏசீஈஏ சி3 என்ற தரக்குறி இருக்கும். கரி எரியும், ஒயிலின் சாம்பல் எரியாது. ஓட்டோ டீசலைவிடச் சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு என்பதையும் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம் சொல்லிவையுங்கள்.

பெற்றோல் காரில் நீங்களே அறியாமல் சென்சரைக் கொல்லும் ஒரு வழி இருக்கிறது. வால்வ் கவருக்கும் மனிபோல்டுக்கும் பூசும் சிலிக்கோன் பசை. சென்சருக்குப் பாதகமில்லை என்று எழுதியிருக்கும் வகையைப் பாவிக்காவிட்டால், அதன் ஆவி எரிந்து ஒட்சிசன் சென்சரின் முனையில் வெள்ளைப் படலமாகப் படியும். கூலன்ட் கசிந்து எரிந்தாலும் அது கெட்டுவிடும். காரணத்தை விட்டுவிட்டுச் சென்சரை மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

புதிதாக வரும் டீசல்களில் புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் அட்புளூ என்ற திரவமும் நொக்ஸ் சென்சரும் இருக்கும். நைதரசன் ஒட்சைட்டை அளக்கும் இந்த நொக்ஸ் சென்சர், கேபிளோடு ஒட்டிய சிறு பெட்டியுடன் ஒரே சாமானாகத்தான் வரும். வெட்டி ஒட்டுகிற வேலை அதில் சரிவராது. உள்ளே பீங்கான் 800 பாகை அளவில் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் தண்ணீர்த்துளி பட்டால் வெடிக்கும் என்பதாலேயே, குழாய் காயும்வரை கம்பியூட்டர் அதன் ஹீற்றரைப் போடுவதில்லை. அப்படிப்பட்ட சாமானை வைத்துக்கொண்டு, இரணைமடு வான்கதவு திறந்த நாளில் முரசுமோட்டைப் பக்கம் றோட்டை மூடி ஓடும் வெள்ளத்துக்குள் கொதிக்கக் கொதிக்க இறக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அட்புளூ என்பது சுத்தமான தண்ணீரில் 32.5 வீதம் யூரியா. "யூரியாதானே, வயலுக்குப் போடுறதைக் கரைச்சு ஊத்துவம்" என்று பகிடியாகவும் சிலர் பகிடியில்லாமலும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 2021இல் உரத்தடை வந்தபோது ஒரு மூட்டை யூரியாவுக்கு அலைந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். அது நெல்லுக்கே போகட்டும். வயல் யூரியாவில் இருக்கும் பையூரெற் என்ற வேதிப்பொருளும் உப்புகளும், அதைத் தெளிக்கும் ஊசியையும் புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிஸ்டையும் அடைத்துவிடும். சரியான அட்புளூவும் 30 பாகைக்கு மேலான சூட்டில் கிடந்தால் பழுதாகும் என்பதால், எங்கள் வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் கான்களை அடுக்கி வைக்கவேண்டாம்.

வெட்டி எடுக்கும் விசயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் உண்டு. வடிகட்டியை வெட்டுகிறார்கள். பெற்றோல் காரில் கற்றலிஸ்டுக்குப் பின்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சருக்கு இடைக்குழாய் ஒன்றை வைத்து ஏமாற்றுகிறார்கள். "புகைப் பரிசோதனை பாஸ் ஆகுது அண்ணை, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், பிறகென்ன?" என்கிறார்கள். பெற்றோல் காருக்குக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும், டீசலுக்குப் புகையின் கருமையையும் அளக்கும் பரிசோதனை அது. கண்ணுக்குத் தெரியாத நுண்கரி எவ்வளவு போகிறது என்பதற்கு அந்தச் சான்றிதழ் பதில் சொல்லாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே முதலாம் வகுப்பில் போட்டுவிட்டது. காலை ஏழு மணிக்கு ஏ9 ஓரமாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்.

இனி, நடைமுறையில் என்ன செய்யலாம்? கோட்டை அழிக்க முதல் ஸ்கானர் திரையைப் போனில் படம் எடுத்து எங்களுக்கு வட்சப்பில் அனுப்புங்கள். கோட் விழுந்த நேரத்தில் வேகம், சூடு, சுற்று எவ்வளவு என்று அதில் பதிந்திருக்கும். அழித்தால் அது போய்விடும். மாற்றிய சாமானைக் கையில் தாருங்கள். பழைய காரில் கழற்றிய சென்சரைப் புதிதென்று மாட்டவேண்டாம். அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்து வெளியே வரும் பிள்ளைகளை எடுத்து, அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். கண்டுபிடிக்கும் கூலியை பில்லில் தனி வரியாக எழுதினால் அந்தச் சம்பளத்துக்கு வழி பிறக்கும். ஒரு கராச் மட்டும் கேட்டால் ஆட்கள் பக்கத்துக் கராச்சுக்கு ஓடுவார்கள். ஆகவே பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா என்று நீங்கள் ஒன்றாகப் பேசி ஒரு தொகையை முடிவுசெய்வது நல்லது. ஹயர் ஓட்டும் எங்களுடைய ஆட்களிடம் பேசுவது என் பொறுப்பு.

என் காரின் புகைவெப்ப சென்சர் ஒன்று இப்போது ஒரு மாதிரிக் காட்டுகிறது. கலியாணச் சீசனுக்கு முதல் கொண்டுவருவேன். சாமான் விலையைப் பிறகு பார்ப்போம், கண்டுபிடிக்கிற கூலி எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஹயர் ஓட்டும் ஒருவன்