கடையடிக் கதை

டொரன்டோ
ஐப்பசி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தங்கச்சி எழுதித் தந்த உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். "உங்கட மகன் கனடாவில் தோட்டம் கொத்துறானாம்" என்று யாரோ சொன்னதால் அப்பா கடையடிக்கே போவதில்லையாம். முள்ளியவளையில் தோட்டம் செய்து எங்களை வளர்த்தவருக்கு இதில் என்ன வெட்கம்?

கொத்துவது உண்மைதான். பல்கலைக்கழக வளாகத்துக்குள், சம்பளத்துக்கு. இங்கே அது புதினம் இல்லை. டொரன்டோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கட்டடத்தின் மேல்மாடியிலேயே கால் ஏக்கரில் மரக்கறி விளைகிறது. போர் முடிந்து நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்த அதே 2009 இல், பெரிய புதுக் கட்டடங்களின் கூரையில் செடி வளர்க்க வேண்டும் என்று இந்த மாநகரம் சட்டம் போட்டது.

எங்கள் தோட்டம் நிலத்தில்தான். கொத்துவதற்கு முன் மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அப்பா சிரிப்பார். ஆனால் சனத்தைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. எரு மணக்கும், எலி வரும், புல்தரையை ஏன் கெடுத்தீர்கள் என்று ஒரே முறைப்பாடு. எதிர்வீட்டு மனுசி, வெயிலிலும் கம்பளித் தொப்பி போடுகிறவ, காலையில் வேலியோரம் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் போவா. எருப்பெட்டிக்கு மூடி போட்டோம், மணம் போகவில்லை. பாதையோரம் செவ்வந்தி நட்டோம். பூத்த பிறகு அவவுக்கு மணக்கவில்லை!

மாணவர்களுக்கு விலைதான் பிரச்சினை. அவர்களுக்கென்று குறைத்த பிறகே சந்தை நாளில் வரிசை நீண்டது. இரசாயனப் பசளை போடாத மரக்கறி என்று கூடக் கொடுத்து வாங்கும் சனமும் உண்டு. 2021 இல் எங்கட அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினபோது நெல் மஞ்சளாக நின்றதை இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

என் பிடிவாதத்தில் ஒரு பாத்தி பயிற்றங்காய். வைகாசி பிறக்கும் வரை உறைபனிக்குப் பயந்து நட முடியாது, ஐப்பசியில் அது திரும்ப வந்துவிடும். போன கிழமை ஒரே இரவில் கொடி முழுக்கக் கறுத்துத் தொங்கியது. மிஞ்சிய காய்களைத் தேங்காய்ப்பாலில் சமைத்தேன். அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை. அறைப் பெடியள் எல்லாம் இரவு வேலை. சோற்றைப் போட்டுக்கொண்டு இருக்க வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனக்கூட்டம் கண்ணுக்குள் வந்தது, கோப்பையை மூடி வைத்துவிட்டேன். சரி, அதை விடுங்கள்.

குளிர் முடியும் வரை தோட்டம் இல்லை, வேறு வேலை பேசியிருக்கிறேன். காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். வங்கியில் ஏதோ சுணக்கம், யோசிக்க வேண்டாம்.

காலபோக நெல்லுக்கு உழுதாச்சா? லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். மேற்கு வரம்புக்குப் பெரியப்பாவோடு சண்டை வேண்டாம், விதானையாரைக் கூப்பிட்டு அளவுங்கள். தங்கச்சியின் பேச்சுக்கால் என்ன மாதிரி? மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றிக் கேட்டால் பல்கலைக்கழகத்தில் வேலை என்று சொல்லுங்கள். அது பொய்யில்லைத்தானே.

இப்படிக்கு,
அன்பு மகன்