பழைய வண்டி வாங்கலாம். பெயரை மாற்றாமல் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதால் இனி பழைய பைக் வாங்குவது வீண் என்று சமீபத்தில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மைதான். ஆனால் கட்டுரை ஷோரூம் விலையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வாழ்நாள் வரி இருக்கிறது. 2023 நவம்பரில் ஏற்றியதிலிருந்து ஒரு லட்சத்துக்குள் உள்ள வண்டிக்கே நம் மாநிலத்தில் அது 10 சதவீதம். அப்புறம் ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸைச் சேர்த்தே கட்டியாக வேண்டும். நல்ல நூறு சிசி வண்டி ரோட்டில் இறங்க 80, 90 ஆயிரம் ஆகிவிடுகிறது. திண்டிவனத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். "எதை வாங்கலாம்ணே?" என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும்.

சென்ற மாதம் மயிலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பையன் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவன். கையில் 50 ஆயிரம். "15 ஆயிரம் கட்டினா போதும், இன்னைக்கே வண்டியை எடுத்துட்டுப் போங்க, வட்டி 11 சதவீதம்தான்" என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தேன். கடன் 75 ஆயிரம், 24 மாதம், மாதத் தவணை 3,800 ரூபாய்க்கு மேல். அந்த 11 சதவீதம் பிளாட் ரேட். பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 75 ஆயிரத்துக்கே வட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 20 சதவீத வட்டி. இதை யாராவது அந்த அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டாமா? மாடு வற்றுகிற மாதத்திலும் தவணை வரும். இரண்டு தவணை தவறினால் வீட்டு வாசலில் சீசிங் ஆட்கள் நிற்பார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். கையில் இருக்கிற பணத்துக்குள், முதல் ஓனரிடமிருந்து, 2020-க்குப் பிறகு வந்த நூறு சிசி வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள வண்டிகளில் காம்பி பிரேக் கட்டாயம் ஆனது. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும். கேன் ஏற்றிக்கொண்டு ஈரத் தார் ரோட்டில் போகிறவனுக்கு அது வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பிழைக்கிற டெலிவரிப் பிள்ளைகள் புதுசே வாங்கட்டும், அவர்களுக்கு வாரண்டி அவசியம். மற்றவர்கள் கடனில் விழ வேண்டிய தேவை இல்லை.

வண்டி பார்க்கப் போனால் விடியற்காலையில் போக வேண்டும், வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. நான் முதலில் இன்ஜின் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால் நமக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். குளிர்ந்த இன்ஜினில்தான் டைமிங் செயின் சத்தமும், முதல் உதைக்கு வரும் நீலப் புகையும் தெரியும். பி.எஸ்.6 வண்டியில் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், போய்விட்டது. அது சின்னச் செலவுதான். ஆனால் ஹேண்டில் நேராக இருக்க சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. பிரேக் பெடல் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் தேய்ந்திருக்கிற அளவு பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது.

அந்தப் பையனுக்கு 2021 மாடல் வண்டி ஒன்று 44 ஆயிரத்துக்குக் கிடைத்தது. செயின் ஸ்பிராக்கெட்டும் முன் டயரும் மாற்றினோம். 2021-இல் எடுத்த ஐந்து வருட இன்சூரன்ஸ் முடிகிற நேரம் என்பதால் அதையும் போடச் சொன்னேன். எல்லாம் அவன் கையில் இருந்த 50 ஆயிரத்துக்குள் முடிந்தது.

இவ்வளவும் பார்த்து வாங்குகிறவர்கள்கூட பெயர் மாற்றத்தில் அலட்சியமாக இருக்கிறார்கள். இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான். எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் தன் வண்டியை பழைய வண்டி வாங்கி விற்கும் டூவீலர் கன்சல்டிங் கடை ஒன்றில் விற்றார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் எதுவும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வண்டி எத்தனை கை மாறியதோ தெரியாது. ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று செங்கல்பட்டிலிருந்து அவர் போனுக்குச் செய்தி வருகிறது. அபராதத்தோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லாமல் போனால் தையல் மெஷினை விற்றாலும் தீராது.

விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். பணம் கொடுக்கும் முன்பே எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, ஹெச்.பி., அதாவது வண்டி மேல் இருக்கும் கடன் பதிவு, கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பாண்டி வண்டிகள் மலிவாக வரும். அதைத் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். அதையும் கூட்டினால் மலிவு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடைகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கடைக்கு வந்ததுமே அதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, பொறுப்பைக் கடையே ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதியைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. அந்த அங்கீகாரச் சான்றிதழை எங்கள் பக்கத்துக் கன்சல்டிங் கடை எதிலும் நான் இதுவரை பார்க்கவில்லை. போக்குவரத்துத் துறை இந்தக் கடைகளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியலை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். தாங்களும் அடுத்த கட்டுரையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன மெக்கானிக்,
திண்டிவனம்.